காற்று நன்றாக இருக்கும் நாட்களில் இறந்துபோகிறவள்

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. ஒரு படகு மோட்டாருக்குள் சேறாகப் புகுந்து என் பட்டறைக்கு வந்து சேர்ந்தது.

லாமுவில் இருபத்து மூன்று வருடமாக ஐஸ் இயந்திரமும் படகு மோட்டாரும் பழுது பார்க்கிறேன். ஓய்ந்த நேரத்தில் தமிழில் கதை எழுதுகிறேன். நான் எழுதுவதை இந்தத் தீவில் யாராலும் படிக்க முடியாது. அதனால் எழுத்தாளன் என்று என்மேல் எல்லோருக்கும் நல்ல மரியாதை. போன மாதம் ஒரு காலையில் படகுக்காரன் அத்மானி தன் மோட்டாரைத் தோளில் சுமந்து வந்து என் மேசையில் இறக்கினான்.

"உள்ள சேறு புகுந்துடுச்சு, ஃபுண்டி."

(சுவாஹிலியில் ஃபுண்டி என்றால் மெக்கானிக், தச்சன், தையற்காரன், கையால் எதையாவது சரிசெய்கிற எவனும் ஃபுண்டிதான். கதை எழுதுகிறவனும் இதில் சேர்த்தியா என்று நான் யாரையும் கேட்டதில்லை.)

"எப்படிப் புகுந்துச்சு?" என்று கேட்டுவிட்டேன். மதியத் தொழுகைக்கு பாங்கு சொல்லும்வரை அவன் நிறுத்தவில்லை.

அத்மானி சொல்வதில் பாதியைக் காற்றுக்கு விட்டுவிட வேண்டும் என்பது ஊரறிந்த விஷயம். எனவே அவனுடைய முன்னாள் மனைவி முவனாஷாவிடம் போய்க் கேட்டேன். அன்று படகில் இருந்த நெகேசா டீச்சருக்கும் எழுதிக் கேட்டேன். நான்கு பக்கத்துக்குப் பதில் வந்தது, எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லாமல். மூன்று பேர் சொன்னதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

2

முதல் வரியாக எழுதிப் பார்த்தவை:

*இந்தியப் பெருங்கடலின் நீல அலைகள் தாலாட்டும் தொன்மையான லாமுத் தீவிலே —*

(அடித்தேன். இது விடுதிக்காரர்கள் அச்சடிக்கும் துண்டுக் காகிதம். தவிர, எங்கள் துறையில் அலை தாலாட்டுவதில்லை. படகுகளை ஒன்றோடொன்று முட்டவைக்கும்.)

*விதி சில சமயம் ஒரு பாய்மரப் படகின் உருவில் —*

(வேண்டாம். விதிக்கு நீச்சல் தெரியாது.)

*முவனாஷாவுக்கு அன்று காலை பயமாக இருந்தது.*

இது நிற்கட்டும். உண்மை அதுதான்.

3

முவனாஷாவுக்கு அன்று காலை பயமாக இருந்தது. விருந்தினர் விடுதி ஒன்றில் சமையல் செய்கிறவள் அவள். கொதிக்கும் எண்ணெய்க்கும் குறைசொல்லும் விருந்தாளிக்கும் பயந்ததில்லை. ஆனால் அத்மானியின் படகில் ஏற வேண்டுமே என்றுதான் பயம்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் மார்க்க நீதிபதியான காதியின் முன் நின்று அவள்தான் விவாகரத்து கேட்டு வாங்கினாள். அதற்குப் பிறகு இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் தீவின் மறுகோடியில், கிப்புங்கானியில் போய்க் குடியேறிவிட்டான். இப்போது அவர்களுடைய மகள் சௌமுவுக்கு நிக்காஹ். வெள்ளிக்கிழமை. தகப்பன் உயிரோடு இருக்கும்போது அவன்தான் கைபிடித்துக் கொடுக்க வேண்டும். மூன்று முறை ஆள் அனுப்பியாயிற்று. மூன்று முறையும் "வரேன், இன்ஷா அல்லாஹ்" என்று பதில் வந்தது. அத்மானியின் இன்ஷா அல்லாஹ்வுக்கு என்ன பொருள் என்று முவனாஷாவுக்குத் தெரியும்.

"பெரியப்பாவை வெச்சு முடிச்சுக்கலாம்டி. ஷேக்கே வழி இருக்குன்னு சொல்றாரு" என்றாள் மகளிடம்.

"அவரு பொய்யருன்னு ஊருக்கே தெரியும்மா. எனக்கு அந்தப் பொய்யரே வந்து குடுத்தாப் போதும்" என்றாள் சௌமு.

அந்த வாரம் விடுதியில் உள்நாட்டு ஊரான ககமேகாவிலிருந்து நான்கு ஆசிரியர்கள் தங்கியிருந்தார்கள். கடலையே முதல்முறையாகப் பார்க்கிறவர்கள். அவர்களில் நெகேசா டீச்சர் அடுப்படிக்கே வந்து கதை பேசுகிறவள். மாண்டாத் தீவின் இடிபாடுகளைப் பார்க்கப் படகு பேசியிருப்பதாகச் சொன்னாள். படகுக்காரன் பெயரையும் சொன்னாள்.

முவனாஷா கரண்டியைக் கீழே வைத்தாள். "டீச்சர், நானும் வரட்டுமா? பிறந்ததிலேர்ந்து எதிர்க்கரையிலதான் இருக்கேன். அந்த இடிஞ்ச ஊரை ஒருநாள்கூடப் பார்த்ததில்ல."

அதுவும் உண்மைதான். ஊரைப் பார்க்க ஊர்க்காரர்கள் போவதில்லை.

4

கறுப்பு அங்கி, முகத்திரை. கண் மட்டும் தெரியும். விடியற்காலையில் கடல் ஏற்றம் உயர்ந்திருந்த நேரத்தில், நான்கு ஆசிரியர்களுக்குப் பின்னால் அவளும் ஏறி, படகின் முன்முனையான அணியத்தில் உட்கார்ந்தாள். அத்மானி அவளுக்கும் சேர்த்து எல்லோருக்கும் வணக்கம் சொன்னான். அவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

(நெகேசாவின் கடிதம் வரும்வரை இதை நான் நம்பவில்லை. ஒன்பது வருடம் கூடக் குடித்தனம் நடத்தியவனுக்கு அவள் உட்காரும் தோரணைகூடவா தெரியாமல் போகும்? அத்மானியிடம் கேட்டேன். "விருந்தாளிங்களை நான் பார்க்க மாட்டேன் ஃபுண்டி, அவங்க கடலைப் பார்க்கிறாங்களான்னுதான் பார்ப்பேன்" என்றான். எழுத்தாளனுக்குப் பொறாமை தருகிற பதில்.)

அவன் நரைத்திருந்தான். வயிறு கொஞ்சம் வந்திருந்தது. பாயை இழுக்கும்போது பாடுகிற பழக்கம் போகவில்லை, சுருதி சேராததும் போகவில்லை. கால்வாயில் ஓங்கில் எனும் டால்பின்கள் இரண்டு படகுக்கு முன்னால் புரண்டன. ஆசிரியர்கள் எழுந்து நின்று கத்த, "உக்காருங்க, உக்காருங்க! அதுங்க உங்களைப் பார்க்கத்தான் வந்திருக்கு, ஓடாது" என்றான். முவனாஷாவுக்கே சிரிப்பு வந்தது. திரைக்குள் சிரித்துக்கொண்டாள்.

அலையாத்திக் காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் ஓடை வழியாகத்தான் இடிபாடுகளுக்குப் போக வேண்டும். ஏற்றம் இருக்கும்போது போய், நீர் வடிவதற்குள் திரும்பிவிட வேண்டும். அடி பருத்த பெருக்க மரங்களின் நடுவே கூரையில்லாத வீடுகள், ஒரு பள்ளிவாசல், ஒரு கிணறு. சரித்திர ஆசிரியர் ஷிகுகு ஒவ்வொரு சுவரையும் காலடியால் அளந்து குறித்துக்கொண்டார். ஊர் ஏன் காலியானது என்று கேட்டார்.

"மாமியார் தொல்லை" என்றான் அத்மானி.

ஷிகுகு எழுதியதை அடித்தார்.

அவன் மாறவேயில்லை என்று முவனாஷா முடிவு செய்தாள். இறங்கியதும் தனியே கூப்பிட்டு, நாலு வார்த்தையில் வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொல்லிவிட வேண்டியதுதான். அப்படியே முடிந்திருந்தால் எனக்குக் கதை இல்லை.

5

திரும்பும்போது ஓடையின் நடுவில் ஒரு வளைவு வரும். அங்கே ஒரு மடு. அத்மானி மோட்டாரை நிறுத்தினான், கழியை ஊன்றினான், தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்தான்.

"இங்க ஒரு நிமிஷம் நிக்கணும். என் சம்சாரம் போன இடம் இது."

நெகேசா டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் சொன்னான். இருவரும் ஒரு காலை நண்டு பிடிக்க வந்தார்களாம். இந்த மடுவில் ஒரு கடற்பசு* மனுஷக் குரலில் அழுததாம். இவன் போகாதே போகாதே என்று தடுத்தும், இளகிய மனசுக்காரி, இறங்கிப் போனாளாம். கடற்பசு அவளை முதுகில் ஏற்றிக்கொண்டதாம். அவள் கையை ஆட்டினாளாம்.

"உடம்பு கெடைச்சுதா?" என்று கேட்டார் ஷிகுகு.

"கொலுசு மட்டும்."

(* எங்கள் மன்னார்க் கடல் பக்கம் இதை ஆவுளியா என்பார்கள். அந்த ஓடையில் அதைப் பார்த்தவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. முவனாஷா கொலுசு போட்டதும் இல்லை.)

முவனாஷா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முதலில் கோபம்கூட வரவில்லையாம். அடுத்து என்ன ஆகும் என்று ஆவலாகத்தான் இருந்ததாம். கதை அப்படிச் சொல்கிறான், படுபாவி. செத்துப்போன அந்தப் பெண்ணுக்காக அவளுக்கே கண் கலங்கியது.

நெகேசா மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆறுதலாகக் கேட்டாள்: "நல்லா சமைப்பாங்களா?"

எந்தக் கதையிலும் ஒரு சிட்டிகை உண்மை சேர்த்தால்தான் நம்புவார்கள் என்பது அத்மானியின் கொள்கை. பெருமூச்சு விட்டான்.

"அது மட்டும்தான் குறை, டீச்சர். உப்புக் கை. தேங்காய்ப்பால் சோத்துல கடலையே கொட்டிடுவா. ஆனா இன்னிக்கும் அந்த உப்புச் சோத்துக்கு —"

"உப்பா?"

அணியத்திலிருந்து குரல் வந்தது.

கழி அவன் கையிலிருந்து நழுவியது. பின்னாலேயே அவனும். இடுப்பளவு நீரில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தான். அவள் முகத்திரையைத் தூக்கிவிட்டு எழுந்து நின்றாள்.

"கொன்னதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன், அத்மானி! கடற்பசு மேல ஏத்தி அனுப்பினியே, அதையும் பொறுத்துக்கிட்டேன். என் சோத்துல உப்பா?"

"யா அல்லாஹ்" என்றான் அவன்.

ஷிகுகு குனிந்து, "கேப்டன், இவங்கதானா அவங்க?" என்று கேட்டார்.

"பதினோரு வருஷமா தினமும் என்னைச் சாகடிக்கிறியா?"

"தினமும் இல்ல" என்றான் அத்மானி, நீரிலிருந்து. "காத்து நல்லா இருக்கிற நாள்ல மட்டும்."

6

ஒரு நடைமுறைச் சிக்கல். சுவாஹிலியில் முன்னிலை ஒருமைக்கு ஒரே சொல்தான். ராஜாவுக்கும் கழுதைக்கும் 'வெவே'. தமிழில் எழுதும்போது யார் யாரை 'நீ' என்கிறார்கள், யார் 'நீங்க' என்கிறார்கள் என்று நான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. முவனாஷா அவனை 'நீ' என்கிறாள். அதில் சந்தேகமில்லை, அவள் குரலை நான் கேட்டிருக்கிறேன். அவன்? நீருக்குள் உட்கார்ந்தபடி 'நீ' என்று சொல்லும் துணிச்சல் அவனுக்கு இருந்திருக்காது. 'நீங்க' என்றே எழுதுகிறேன். அவன் இதைப் படிக்கப் போவதில்லை.

7

சண்டை ஒரு முக்கால் மணி நேரம் நடந்தது. காதியின் முன் சொல்லாமல் விட்டதெல்லாம் வந்தது. ஆசிரியர்கள் நால்வரும் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தார்கள். ஓடை வடிவதை யாரும் பார்க்கவில்லை. கடைசியில் அத்மானி படகில் ஏறி மோட்டாரை முடுக்கியபோது அது சேற்றைக் கடைந்தது. (மோட்டார்மேல் குற்றமில்லை. அதற்கு முந்தின வாரம்தான் நான் பார்த்துக் கொடுத்தேன்.)

"எப்ப தண்ணி வரும்?" என்றாள் நெகேசா.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு."

அப்போது காலை ஒன்பதரை.

அலையாத்தி வேர்களுக்கு நடுவே சேறு வெளிப்பட்டது. ஒற்றைக் கொடுக்கு சிவந்த நண்டுகள் ஆயிரக்கணக்கில் வெளியே வந்து கையாட்டின. கண் பிதுங்கிய சேற்றுமீன்கள் துடுப்பை ஊன்றி நடந்தன. மீன்கொத்தி ஒன்று அவர்களை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஓடைக் கரையில் ஒரு மணல்திட்டு இருந்தது. முழங்கால் சேற்றில் நடந்து எல்லோரும் அதில் ஏறினார்கள்.

மதிய விருந்துக்கென்று படகில் அரிசி, தேங்காய், துருவுமணை, மீன், எலுமிச்சை, கரி அடுப்பு எல்லாம் இருந்தன. அத்மானி அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்தான்.

"தள்ளு" என்றாள் முவனாஷா. "டீச்சருங்க நாலு பேரு சாட்சி. இன்னிக்குத் தெரிஞ்சுடட்டும்."

அவள் துருவுமணையில் உட்கார்ந்து தேங்காய் துருவினாள். பால் பிழிந்தாள். அத்மானி விசிறினான்; அவன் விசிறுவது தவறு என்றாள். மீனைக் கீறினான், கீறியது கோணல் என்றாள். அவன் எல்லாவற்றுக்கும் சரி என்றான். உப்புப் பொட்டலத்தை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி கையை உயர்த்திப் பிடித்து, போட்டாள்.

*அப்போது ஓடையின் வாயில் ஒரு பெரிய சாம்பல் முதுகு எழுந்து, மனுஷக் குரலில் —*

(எழுதினேன். ஒரு நாள் முழுக்க இந்த வரியை வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தேன். கடற்பசு வந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! ஆனால் வரவில்லை. மூன்று பேருமே வரவில்லை என்கிறார்கள், அத்மானி உட்பட. அவனே சொல்லாத பொய்யை நான் எப்படிச் சொல்வேன்?)

சோறு வெந்தது. இலையில்லை, தட்டுகள் இரண்டுதான். மாற்றி மாற்றிச் சாப்பிட்டார்கள். ஷிகுகு முதல் கவளத்தை வாயில் போட்டு, கண்ணை மூடி, நெடுநேரம் மென்றார். நேர்மையான மனிதர். முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவர்.

"ருசி பிரமாதம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உப்பு... கொஞ்சம்... கூடத்தான்" என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீர்ப் புட்டியைத் தேடினார்.

நெகேசா சேற்றுமீன்களைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டாள்.

முவனாஷாவின் முகம் விழுந்துவிட்டது. "விடுதியில ஒருத்தரும் சொன்னதில்லையே..." என்றாள், யாரிடமும் இல்லாமல். விடுதியில் அவள் உப்பை அளந்து போடுகிறவள். வீட்டு ஆட்களுக்குச் சமைக்கும்போது அளப்பதில்லை. இதை அவளே எனக்குப் பிறகு சொன்னாள். சொல்லிவிட்டு, எழுதாதே என்றாள்.

அத்மானி தட்டை வாங்கினான். ஒரு கவளம். இன்னொன்று. எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள்.

"சரியாத்தான் இருக்கு" என்றான். "நான்தான் தப்பா ஞாபகம் வெச்சிருந்தேன்."

தட்டை வழித்துச் சாப்பிட்டான்.

"பொய்" என்றாள் அவள்.

"ஆமா" என்றான்.

அவள் சிரித்துவிட்டாள்.

8

மதியம் ஆசிரியர்கள் துண்டை விரித்துத் தூங்கினார்கள். நெகேசா தூங்குவதுபோல் படுத்திருந்தாள். (கடிதத்தில் இதை ஒப்புக்கொண்டிருக்கிறாள்.)

"எதுக்கு என்னைக் கொன்னே?"

அத்மானி ஒரு நண்டைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னான். "மொத வருஷம் உண்மையத்தான் சொன்னேன். சம்சாரம் என்னை வேணாம்னு விட்டுட்டான்னு. ஒவ்வொருத்தரும் 'நீ என்னப்பா பண்ணினே?'ன்னு கேக்குறாங்க. சம்சாரம் செத்துட்டான்னு சொன்னா யாரும் அப்படிக் கேக்குறதில்ல. பழம் உரிச்சுக் குடுக்குறாங்க."

முவனாஷா அங்கியின் ஓரத்தில் காய்ந்த சேற்றைச் சுரண்டினாள்.

"வெள்ளிக்கிழமை வருவியா?"

"இன்ஷா —"

"அல்லாஹ்வை விடு. நீ வருவியான்னு கேட்டேன்."

அவன் ஒரு கிளிஞ்சலை எடுத்துச் சேற்றில் எறிந்தான். பிறகு சொன்னான்: "நான் பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பின அன்னிக்கு சௌமு வாசல்ல நின்னா. எப்பப்பா வருவேன்னு கேட்டா. நாளைக்குன்னு சொன்னேன். நான் சொன்ன பொய் எல்லாம் எனக்கு மறந்துபோச்சு, சத்தியமா. அது ஒண்ணுதான் போகல. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வர்றது, சொல்லுங்க?"

"இருக்கிற மூஞ்சியை வெச்சுக்கிட்டு வா" என்றாள் முவனாஷா. "வேற எவன் மூஞ்சியையும் அவ கேக்கல."

ஐந்து மணிக்குப் படகு தானாக அசைந்தது.

9

வெள்ளிக்கிழமை. அவன் வராமல் போன முடிவு ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். கண்ணீர் வரும், நல்ல நடை. அது உங்களுக்கு வேண்டாம். வந்தான். வெள்ளை அங்கி கசங்கியிருந்தது, தொப்பி புதிது.

எங்கள் ஊரில் நிக்காஹ்வை ஒலிபெருக்கியில் வைப்பார்கள். பெண்கள் வீட்டிலிருந்தே கேட்பார்கள். நான் பள்ளிவாசல் வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றிருந்தேன். மாப்பிள்ளை துவாலிபுவின் கையை அத்மானி பிடித்துக்கொண்டான். ஷேக் ஒலிவாங்கியை அவன் வாயருகே நகர்த்தி, சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொடுத்தார்.

அத்மானியால் பேச முடியவில்லை.

அவன் மூச்சு மட்டும் ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்டது. சந்துகளில், மொட்டைமாடிகளில், துறையில். கழுதைகள்கூடக் காதைத் திருப்பின. வாயாடி அத்மானிக்குப் பேச்சு வரவில்லை என்பதை லாமுவே நின்று கேட்டது. வீட்டில் மருதாணிக் கையோடு உட்கார்ந்திருந்த சௌமு, "சொல்லுப்பா, சொல்லுப்பா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாளாம். முவனாஷா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாளாம்.

"என் மகள் சௌமுவை" என்று ஆரம்பித்தான். நின்றான். மறுபடி, "என் மகள் சௌமுவை உனக்கு மணமுடித்துத் தந்தேன்" என்று ஒரே மூச்சில் முடித்தான். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டதாகச் சொன்ன சத்தம் வீடுகளிலிருந்து எழுந்த குலவையில் மூழ்கிவிட்டது.

10

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மறுநாள் முவனாஷா விடுதியின் குளிர்பெட்டிக் கதவை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள்.

"எழுதறியாமே. ரெண்டு விஷயம். என்னைச் சாகடிக்கக் கூடாது. அவனோட திரும்பக் கட்டியும் வைக்கக் கூடாது. எனக்கு இப்ப இருக்கிறது பிடிச்சிருக்கு."

"அப்புறம் நான் எப்படி முடிக்கிறது, முவனாஷா?" எனக்குத் தெரிந்த முடிவுகள் அந்த இரண்டுதான்.

"அது ஃபுண்டி வேலை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆகவே நான் பார்த்த கடைசிக் காட்சியை மட்டும் தருகிறேன். நிக்காஹ் முடிந்த மாலை, விருந்துச் சட்டிகளோடு முவனாஷா சந்தில் வருகிறாள். எதிரே அத்மானி. இரண்டு பேர் ஒதுங்கித்தான் போக முடியும், அப்படிப்பட்ட சந்து. அந்த நேரத்தில் சிமெண்டு மூட்டை சுமந்த கழுதை ஒன்று நடுவில் புகுந்துவிட்டது. இருவரும் ஒரே சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். கழுதை அவசரப்படவில்லை. முவனாஷா தலையைத் திருப்பாமல் அவனிடம் ஏதோ ஒரு வரி சொன்னாள். அத்மானி சிரித்தான். தலையைச் சுவரில் இடித்துக்கொள்கிற அளவுக்குச் சிரித்தான். பிறகு கழுதை கடந்தது. அவள் மேற்கே போனாள், அவன் துறைக்குப் போனான்.

நான் சந்து முனையில் இருந்தேன், காதில் விழவில்லை. அவளிடம் கேட்டேன். "கழுதையைப் பத்தி ஏதோ சொன்னேன்" என்றாள். அவனிடம் மூன்று நாள் கேட்டேன். மூன்று பதில் சொன்னான். மூன்றும் ஒன்றைவிட ஒன்று அழகு. அதனால்தான் எதையும் எழுதவில்லை.

அவள் வாயில் வைக்கப் பன்னிரண்டு வரி எழுதிப் பார்த்தேன். எதற்கும் அவன் அப்படிச் சிரிக்க மாட்டான். இவ்வளவு நேரம் கூட இருந்துவிட்டீர்கள். இப்போது அவர்களை என்னளவு உங்களுக்கும் தெரியும். இடம் விட்டிருக்கிறேன். ஒரு வரிதான்.

"                                        " என்றாள் முவனாஷா.